மேல் அம்பு

பரிமளா தண்ணீர் குடித்துவிட்டு வந்தபோது, அவளுடைய கணினி முன்னால் குணசேகர் சார் உட்கார்ந்திருந்தார். மாலை வகுப்பில் மூன்று மாதமாகச் செய்த ப்ராஜெக்ட்டைக் காணவில்லை. அதை ஒப்படைக்க நாளை கடைசி நாள்.

"நீதாம்மா அழிச்சிருப்ப. வேலைய முடிச்சிட்டு எல்லாரும் தூங்கி வழிஞ்சுக்கிட்டே வர்றீங்க."

நான்தானோ? நோட்டைப் புரட்டினாள். அதில் எழுதாமல் எந்தக் கட்டளையையும் அவள் தட்டியதில்லை. மேல் அம்பு விசையை அழுத்தினால், கடைசியாகத் தட்டிய கட்டளை கறுப்புத் திரையில் திரும்ப வரும். அழுத்தினாள். அழிக்கும் கட்டளை வந்து நின்றது. நோட்டில் அது இல்லை.

"இத நீங்க இன்னும் வகுப்புல நடத்தவே இல்லியே, சார்."

அந்தக் கட்டளையை நோட்டில் எழுதி, பக்கத்தில் மணியையும் குறித்தாள். கணினியை அணைக்க சுவிட்சை நோக்கி நீண்ட அவர் விரல்களுக்குள் பேனாவைத் திணித்தாள்.

"கையெழுத்துப் போடுங்க."