மோரிஸுக்குப் பச்சைத் தண்ணீர்

“ஒரு குடம் தண்ணி கிடைக்குமா? ரேடியேட்டர் கொதிக்கறது.”

கல்யாணராமன் ஸ்வர்ணலதாவிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். பிறகு ஒரு மாதமாகத் தினமும் சாயங்காலம் அதையேதான் கேட்டான். தேவராவில் வேலை முடிந்து வீடு திரும்பும்போது அவனுடைய பழைய கறுப்பு மோரிஸ், மட்டாஞ்சேரியில் சரியாக அவள் வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

அவன் இறங்கி, வெறுங்கையால் ரேடியேட்டர் மூடியைத் திருகித் திறப்பான். அவள் கிணற்றில் இறைத்த குடத்தை வாசலில் வைத்துவிட்டு, தலை நிமிராமல் உள்ளே போய்விடுவாள். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். வீட்டில் இருப்பவர்களிடமே எண்ணித்தான் பேசுவாள்.

“தாகம் வண்டிக்கா, ஓட்டறவனுக்கா?” என்று அடுத்த வீட்டுக் கமலாக்ஷி மாமி வேலிக்கு மேலாகக் கேட்டாள்.

அது ஸ்வர்ணலதாவின் அப்பா லக்ஷ்மிநாராயணன் காதில் விழுந்தது. மறுநாள் வாசலுக்கு வந்தார். தோப்பும்படியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இருபது வருஷமாக இருப்பவர். அவருக்குக் கோபம் வந்தது குடத்தைப் பார்த்துத்தான்.

“ஐயோ, எந்தா இது! இந்த உப்புத் தண்ணியையா ஊத்தறேள்? செம்பு ரேடியேட்டர் அரிச்சுப் போயிடுமே! ஞாயித்துக்கிழமை வாங்கோ. ரேடியேட்டருக்குன்னே உள்ள கூலண்ட் கொண்டு வரேன்.”

“வேண்டாம் மாமா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?”

“சிரமம் இஞ்சினுக்காக்கும்.”

ஞாயிற்றுக்கிழமை வாசலில் இரண்டு டப்பாக்கள் இருந்தன. ஒன்று வெள்ளை மூடி, இன்னொன்று சிவப்பு. உள்ளே இரண்டுமே பச்சை.

“வித்தியாசம் காட்டத்தான் ரெண்டும் கொண்டு வந்தேன். சிவப்பு மூடி இப்போ வர்ற புது வண்டிக்கு உள்ளது. காரம் ஜாஸ்தி. பழைய வண்டில ஊத்தினா, ஓட்டையை அடைச்சிண்டிருக்கற துருவை எல்லாம் கரைச்சுடும். பத்தே நாள்ல ஒழுகி, கொதிக்க ஆரம்பிச்சுடும். உங்க மோரிஸுக்கு வெள்ளை மூடிதான். பேட்டரிக் கடை டிஸ்டில்ட் வாட்டரோட கலந்து ஊத்திட்டா, ரெண்டு வருஷம் வழியில நிறுத்தவே வேண்டாம்.”

“ரெண்டு வருஷமா?” கல்யாணராமனின் குரல் இறங்கிவிட்டது.

“மூணுன்னே வெச்சுக்கோங்கோ.”

கல்யாணராமன் கதவுப் பக்கம் பார்த்தான். ஸ்வர்ணலதா வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தில் வருத்தம் எதுவும் தெரியவில்லை.

“ஸ்வர்ணம், ரெண்டையும் உள்ளே கொண்டு போ. வெள்ளை மூடியைக் கலந்து எடுத்துண்டு வா. சிவப்பை அலமாரில வை.”

அவள் வாளியில் பச்சைத் தண்ணீரோடு வந்தாள். அப்பாவே புனல் வைத்து ஊற்றினார். மூடியை இறுக்கினார். இஞ்சினை இரண்டு நிமிஷம் ஓடவிட்டு அதன் சத்தத்தைக் கேட்டார். பரம திருப்தியோடு கை கழுவ உள்ளே போனார்.

கல்யாணராமன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். இனி இந்த வாசலில் நிற்க அவனுக்கு ஒரு காரணமும் இல்லை.

காலி வாளியை எடுக்க வந்த ஸ்வர்ணலதா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் கலந்தது சிவப்பு மூடி. இனிமே நிஜமாவே கொதிக்கும். துணி வெச்சுத் திறங்கோ.”