லாரியில் ஏறாதவன்

அய்யனார் லாரியின் படியில் ஒரு காலை வைத்துவிட்டான்.

"ஏறு அண்ணே, ஏறு" என்றான் கண்ணையன். "ஏறிட்டா நாளையிலேர்ந்து உன் பேரு அய்யனார் இல்லே. கருங்காலி."

வைத்த கால் அங்கேயே நின்றது.

புதுச்சேரியில் வெள்ளைக்காரன் நடத்தும் துணி ஆலையில் ஆறு வாரமாக வேலைநிறுத்தம். நின்றுபோன தறிகளை ஓட்ட, நிர்வாகம் ஊர் ஊராக லாரி அனுப்பி ஆள் பிடித்துக்கொண்டிருந்தது. இன்று சோரியாங்குப்பத்தின் முறை. கண்ணையன் இதே ஊரில் பிறந்து ஆலைக்குப் போனவன். லாரியை மறிப்பதற்காக நடந்தே வந்திருந்தான்.

"கருங்காலின்னா இருந்துட்டுப் போவட்டும்" என்றாள் அய்யனாரின் மனைவி தனக்கொடி. "பண்ணையாளுன்னு கூப்புடறதவுட அது இன்னா கொறச்சலு?"

அவள் சொன்னதில் தப்பில்லை. அய்யனார் தணிகைவேல் பண்ணையில் பிறந்தவன். அவன் அப்பனும் அங்கேதான் மாண்டான். இரண்டு வருஷமாகக் கரும்பில் தண்ணீர் நின்று அழுகியதில், நெல்லாகத் தரும் கூலியைப் பண்ணைக்காரர் பாதியாக வெட்டிவிட்டார். வீட்டில் அடுப்பு ஒருவேளைதான் எரிந்தது. ஆலையிலோ வாரம் தவறாமல் ரொக்கம், ஞாயிறு லீவு.

"நீ எங்க தறியில நின்னா நாங்க எங்கே போறது, அண்ணே? எண்ணூறு குடும்பம்" என்றான் கண்ணையன்.

"நீ மட்டும் பண்ணைய வுட்டு ஓடலாம், எங்க ஆளு போனா குத்தமா?" தனக்கொடி விடவில்லை.

"போறது குத்தமில்லே, அண்ணி. இன்னிக்குப் போறதுதான் குத்தம். நாங்க ஜெயிச்சதும் புதுசா ஆள் எடுப்பாங்க. மொத ஆளா அண்ணனக் கூட்டிட்டுப் போறது என் பொறுப்பு. எம் புள்ள மேல சத்தியம்."

"சத்தியத்த ஒலையில போட்டா வேவுமா?"

அப்போது வில்வண்டி ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் பண்ணைக்காரர் தணிகைவேல். லாரியைச் சுற்றி நின்றவர்களின் தோள் துண்டுகள் இடுப்புக்கு இறங்கின. ஆள் ஓடிப்போகப் பார்த்தால் புளிய விளாரை எடுக்கிற மனிதர். அய்யனார் முதலில் பார்த்தது அவர் கையைத்தான்.

அவர் கையில் விளார் இல்லை.

"ஏண்டா, ஏழை வயித்துல ஏழையே அடிக்கலாமாடா?" என்றார். "அங்கே நம்ம சனங்க பட்டினி கெடந்து வெள்ளைக்காரங்கிட்ட நியாயம் கேக்கறாங்க. நீங்க போயி அவங்களக் காட்டிக் குடுப்பீங்களா?"

கண்ணையனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா அண்ணே! பண்ணைக்காரருக்கே புரிஞ்சிடுச்சு."

"நாம கூலி கேக்கறப்ப இந்த நியாயம் எங்கே மேயப் போச்சாம்?" என்று முணுமுணுத்தாள் தனக்கொடி.

அய்யனார் காலை எடுத்துவிட்டான். அவனைப் பார்த்து, ஏற வந்திருந்த மற்ற பதினோரு பேரும் கலைந்தார்கள். லாரி வெறுமையாகத் திரும்பியது.

மேலும் ஐந்து வாரம் கழித்து ஆலை பணிந்தது. எட்டு மணி நேர வேலை, கூலி உயர்வு. இனிமேல் புது ஆள் எடுப்பதென்றால் தொழிலாளர் சங்கம் தரும் பட்டியலிலிருந்துதான் என்றும் ஒப்பந்தமாயிற்று.

கண்ணையன் சொன்ன சொல் மாறவில்லை. ஓடி வந்தான். "புறப்படு அண்ணே!"

அய்யனார் மூன்று நாள் யோசித்தான். பண்ணையை விட்டால் குடிசையும் போய்விடும். அது நிற்பது பண்ணை நிலத்தில். ஆலையில் வேலை நிலைக்காவிட்டால் பிள்ளைகளோடு எங்கே படுப்பது?

"குடிசதான? பிரிச்சா பத்துக் கீத்து தேறாது. போவியா, சும்மா ஒக்காந்து கெடக்கிற!" என்றாள் தனக்கொடி.

நான்காம் நாள் பண்ணைக்காரர் முன்னால் போய் நின்றான்.

"ஆண்டே, இந்த வருசம் நான் பண்ணைக்கு நிக்கல. ஆலைக்குப் போலாம்னு..."

தணிகைவேல் கோபப்படவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் வைத்தார். "போடா. போயிப் பாத்துட்டு வா. குடிசைய ஒரு வாரம் பிரிக்காம வச்சிருக்கறேன்."

இத்தனை காலமும் இவரைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று அய்யனாருக்கு வெட்கமாக இருந்தது.

முதலியார்பேட்டையில் சங்கக் கொட்டகை. வாசலில் கொடி. உள்ளே செயலாளர் பட்டியலை விரித்து வைத்திருந்தார். கண்ணையன் அய்யனாரை முன்னால் தள்ளினான்.

"பேரு?"

"அய்யனாருங்க."

"எந்த ஊரு?"

"சோரியாங்குப்பம். தணிகைவேல் பண்ணைங்க."

செயலாளர் பேனாவை மூடினார். "இவரைச் சேர்க்க முடியாது."

"இன்னா தோழர் இது!" கண்ணையன் கத்தினான். "லாரியில வச்ச கால நமக்காக எடுத்தவரு! நான் சத்தியம் பண்ணியிருக்கேன்!"

"தெரியும். பதினோரு வாரம் நம்ம பிள்ளைகள் குடிச்ச கஞ்சி யார் கொடுத்த நெல்லுன்னு உங்களுக்குத் தெரியுமா? அந்தத் தணிகைவேல் கொடுத்தது. தன் பண்ணையாள் ஒருத்தனையும் ஆலையில் சேர்க்கக் கூடாதுன்னு கேட்டுத்தான் கொடுத்தார். சங்கம் சம்மதிச்சுது."

குடிசையை ஒரு வாரம் பிரிக்காமல் வைத்தது ஏன் என்று அய்யனாருக்கு இப்போது புரிந்தது.

"அந்தப் பேச்சத் தூக்கிக் குப்பையில போடுங்க, தோழர்!" என்றான் கண்ணையன்.

செயலாளர் உண்மையாகவே மனம் நொந்து அவனைப் பார்த்தார்.

"கொடுத்த வாக்கை மீற நாம் என்ன முதலாளிகளா, தோழர்?"