ஒட்டுச்சிப்பியின் வீடு

கடல் ஏறி வந்து மெர்சிட்டாவின் வீட்டுச் சுவரைத் தொட்டதும் அந்தச் சுவரும் அரசாங்கத்தின் பாறைக்கரைக் கணக்கில் சேர்ந்துவிட்டது. அதில் ஓர் ஒட்டுச்சிப்பி குடியேறினால் போதும், சட்டப்படி வீடு சிப்பிக்குத்தான். மனிதர்கள் வெளியேற வேண்டும்.

அவள் சுவரில் ஒன்று குடியேறியிருந்தது. நீர் வற்றியபோது அதைக் கத்தியால் நெம்பி எடுத்து, பக்கத்து வீட்டு புளோரியின் சுவரில் ஒட்டவைத்தாள். அது இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தழும்பு தெரிந்தது. உப்புக்கறை என்று விட்டுவிட்டாள். புளோரியோடு இரண்டு வருஷமாகப் பேச்சில்லை.

மறுநாள் சுவர்களைச் சோதிக்கக் கடற்கரை அதிகாரி வந்தார்.

"நேத்துவரை என் சுவரு சுத்தமா கெடந்துது சார். இது அவ கைவேலை!" என்று கத்தினாள் புளோரி.

"சிப்பிக்கு அவ சுவருதான் புடிச்சிருக்குன்னு சொல்லுங்க சார்," என்றாள் மெர்சிட்டா.

அதிகாரி சிப்பியின் விளிம்பைத் தடவினார். "ஒட்டியிருக்கற கல்லோட மேடுபள்ளத்துக்கு ஏத்தமாதிரிதான் இதுக்கு ஓடு வளரும். இங்க சுத்தி இடைவெளியா இருக்கே."

அதைக் கழற்றி மெர்சிட்டாவின் சுவரில் இருந்த தழும்பில் வைத்தார். நூலளவு இடைவெளிகூட இல்லாமல் பொருந்தியது.

"சாமான்களைக் கட்டுங்கம்மா."

இரண்டு வருஷத்தில் முதல்முறையாகப் புளோரி மெர்சிட்டாவின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"கட்டுறதுக்குக் கயிறு வேணுமாக்கா?"