ஏணியில் நின்றவர்

"அவர் மட்டும் எப்படி உள்ளே உட்காரலாம்?" என்றார் காலின்.

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில், பழைய விமானப்படைத் தளத்தை அருங்காட்சியகமாக்கியிருந்தார்கள். கொட்டகையின் நடுவே லைட்னிங் போர் விமானம். சுற்றிலும் கயிறு. ஏறக் கூடாது, தொடவும் கூடாது என்று பலகை.

ஆனால் பைலட் இருக்கையில் ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். கோட்டு, டை எல்லாம் கச்சிதம்.

"உனக்கும் ஏறணும்னு ஆசை. அதான் வயிறு எரியுது," என்றாள் மனைவி பாலின்.

"ஆசைதான். பத்து வயசுலேருந்து இதைப் பத்திப் படிக்கிறேன். என்னைத் தொடக்கூட விடலையே."

விமானத்தில் சாய்த்திருந்த ஏணியில் இன்னொருவர் நின்றிருந்தார். அவருக்கும் தலை முழுக்க நரைதான். எண்ணெய்க் கறை படிந்த வேலை உடுப்பு. சட்டையில் 'டெரக், தொண்டர்' என்று பட்டை.

"தம்பி, பின்னெல்லாம் எடுத்தாச்சா?" உள்ளே இருந்தவர் அதட்டினார்.

"எடுத்தாச்சு சார். நீங்களே பாருங்க." சிவப்பு நாடா கட்டிய பின்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார் டெரக்.

காலின் மனைவியின் காதருகே குனிந்தார். "ஆபத்துன்னா பைலட்டை இருக்கையோட வெளியே வீசறதுக்கு அடியில வெடி இருக்கும். தரையில வெடிச்சுடாம இருக்கத்தான் அந்தப் பின். கிளம்பறப்ப மெக்கானிக் உருவி, பைலட்டுக்குக் காட்டணும். எல்லாம் அப்படியே செய்யறாங்க, பாரேன்."

அவருக்கு ஆவல் தாங்கவில்லை. கயிற்றின் ஓரம் காலிச் சக்கர நாற்காலியோடு ஒரு பெண் நின்றிருந்தாள். அவளிடம் போனார்.

"உள்ளே உட்கார்ந்திருக்கறவர் உங்க அப்பாவா?"

"ஆமா."

"இங்கேதான் பைலட்டா இருந்தாரா? எந்த வருஷம்?"

"பைலட் இல்லைங்க. மெக்கானிக்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "கொஞ்ச நாளா அப்பாவுக்கு நினைவு தடுமாறுது. தான்தான் பைலட்னு சொல்லிக்கிட்டிருக்கார். வீட்டுல யாரோடயும் பேசறதில்ல. இங்கே கூட்டிட்டு வந்தா மட்டும் அன்னிக்கு ராத்திரி நல்லா சாப்பிடுவார்."

காலின் முகம் மாறியது. திரும்பி விமானத்தைப் பார்த்தார்.

"கண்ணாடியில பாரு, எவ்வளவு அழுக்கு," என்று மேலே திட்டு விழுந்துகொண்டிருந்தது. "இதைத் துடைக்கறதை விட உனக்கென்ன வேலை? சோம்பேறி."

"மன்னிச்சுக்கங்க சார்." டெரக் சட்டைக் கையாலேயே துடைத்தார். பிறகு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்துவிட்டு, ஒவ்வொரு படியாகக் கால் தடவி இறங்கினார்.

"வேண்டாம், பேசாம வா," என்று, டெரக்கை நோக்கி நடந்தவரின் கையைப் பிடித்தாள் பாலின். காலின் கேட்கவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் டெரக்கிடம். "அவர் பாவம், ஒத்துக்கறேன். ஆனா இது விளையாட்டுச் சாமான் இல்ல. இதை ஓட்டின பல பேர் திரும்பியே வரல. ஒருநாள் நிஜ பைலட் ஒருத்தர் இங்கே வந்து, ஒரு மெக்கானிக் அந்த இருக்கையில உட்கார்ந்து அதிகாரம் பண்றதைப் பார்த்தா, அவர் மனசு என்ன பாடுபடும்?"

டெரக் கந்தல் துணியில் கையைத் துடைத்தபடி யோசித்தார்.

"பார்த்தாச்சுங்க. ஒண்ணும் பாடுபடல."

"யார் பார்த்தாங்க?"

அதற்குள் மேலிருந்து குரல் வந்தது. "தம்பி, தோள் பெல்ட் தளர்ந்து கிடக்கு. அங்கே என்ன அரட்டை?"

"இதோ வந்துட்டேன் சார்."

முட்டியைப் பிடித்துக்கொண்டு டெரக் மறுபடி ஏணியில் ஏறினார்.

காலின் அந்தப் பெண் பக்கம் திரும்பினார். "யாரைச் சொல்றார் இவர்?"

அவள் ஏணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தன்னைத்தான் சொல்றார். இந்த விமானத்தை ஓட்டினவர் அவர்தாங்க. அப்போ ஏணியில நின்னு அவருக்கு பெல்ட் மாட்டிவிட்டது எங்கப்பா."