கண் நின்ற வரி

மகள் ரெனிட்டா காய்ச்சலில் கிடந்த கடைசி நாட்களை ஜெசிந்தா தன் வலைப்பூவில் எழுதியிருந்தாள். அதே காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைகளின் தாய்மார்கள் பல ஊர்களிலிருந்தும் அதை வாசித்தார்கள். ரெனிட்டா போனபோது கணவன் இஞ்ஞாசி கப்பலில் இருந்தான். திரும்பி வந்தும் அவன் எதையும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவனாகவே அந்தப் பக்கத்தைத் திறந்து உட்கார்ந்தான்.

வாசிப்பவரின் கண் எந்த வரியில் தயங்கி நிற்கிறதோ, அங்கேதான் இப்போதெல்லாம் விளம்பரம் வரும். "அப்பா எப்பம்மா வருவாங்க?" என்று ரெனிட்டா கேட்ட வரியில் இஞ்ஞாசியின் கண் நின்றுவிட்டது. உடனே அடுத்த வரிகளை மறைத்துக்கொண்டு, குழந்தைகளுக்கான மழைக்கோட்டு ஒன்று திரையில் விரிந்தது.

"இத இங்க எதுக்கு வச்ச?" என்றான்.

"நான் வைக்கலங்க. நீங்க நின்ன எடத்துல அதுவா வருது."

அவள் விளம்பரத்தைப் பக்கத்தின் அடிக்கு மாற்றப் பார்த்தாள். மாற்றினால் பக்கம் யாருக்கும் திறக்காது என்று எச்சரிக்கை வந்தது. இஞ்ஞாசி மடிக்கணினியை மூடினான்.

"அவ கேட்டதுக்கு நீ என்ன சொன்ன, ஜெசி?"

அதை அவள் எழுதியிருந்தாளே தவிர, யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "நாளைக்கு வந்துருவாங்க, நீ தூங்குன்னு சொன்னேன்."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதான்.

பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்கும் அந்தத் தாய்மார்களின் நினைவு அவளுக்கு வந்தது; அவர்கள் கண் நிற்கும் இடத்திலும் விளம்பரம் வந்து அடுத்த வரிகளை மறைக்குமே. மாலையில், கண் நிற்கக்கூடிய வரிகளையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்தாள். நோயின் அறிகுறிகளும் மருந்தின் பெயர்களும் மருத்துவமனைக்குப் போகும் வழியும் மிஞ்சின. பக்கம் எல்லோருக்கும் தடையில்லாமல் திறந்தது. ரெனிட்டா பேசிய ஒரு வார்த்தைகூட அதில் இல்லை.