அண்ணன் பிடித்த நாடி

"மூணாவது ஓலைய வாசிக்காதீங்க சாமி. மாப்பிள்ளைக்கு நெஞ்சுல கோளாறு இருக்கு."

பூசை முடிஞ்சு சனம் கலையறதுக்குள்ள சாமியார்கிட்ட இப்படிச் சொன்னது எவனோ வேண்டாதவன் இல்ல. எங்கூடப் பொறந்த அண்ணன் அருள்சாமி. மாப்பிள்ளைங்கறது எம் பொண்ணு தெரசாவுக்குப் பேசி முடிச்ச மொரப்பூர் யாகப்பன். அங்க சைக்கிள் கடை வச்சிருக்கான்.

எங்க மாதா கோயில்ல கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயித்துக்கெழமை, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம்னு ஓலை வாசிப்பாங்க. ஆட்சேபணை இருக்கறவங்க வந்து சொல்லலாம். எனக்குத் தெரிஞ்சு எவனும் சொன்னதில்ல. எங்கண்ணன் சொன்னாரு.

"உனக்கு எப்படித் தெரியும் அருள்சாமி?"

"நிச்சயத்தன்னிக்கு நாடி புடிச்சுப் பாத்தேன் சாமி. சீராவே இல்ல. ஓடுது, அப்பறம் தயங்குது. நோயை மறைச்சுக் கல்யாணம் பண்றது பாவமில்லீங்களா?"

அண்ணன் ஆஸ்பத்திரியில கம்பவுண்டரா இருந்து ரிட்டையரானவரு. வூட்டுக்கு யாரு வந்தாலும் மொதல்ல கையப் புடிச்சு நாடி பாப்பாரு. அப்பறந்தான் சாப்ட்டியான்னு கேப்பாரு. "எங்கையப் புடிச்சுப் பாரு, கடியாரம் தோத்துடும்"னு பெருமை வேற. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு.

டாக்டர்கிட்டக் காட்டிட்டு வாங்க, அப்பறம் வாசிக்கறேன்னுட்டாரு சாமியார். வர ஞாயித்துக்கெழமை ஓலை வாசிக்கலைன்னா தவக்காலம் வந்துடும். ஈஸ்டர் முடியற வரைக்கும் கல்யாணப் பேச்சே கிடையாது. அதுவரைக்கும் ஊர் வாய் சும்மா இருக்குமா? சீக்காளி மாப்பிள்ளைன்னு பேசிப் பேசியே எம் பொண்ணு கல்யாணத்தக் கலைச்சுடுவாங்களே!

"உங்க அண்ணனுக்கு எம் பொண்ணுதான் கெடச்சாளா?" எம் பொண்டாட்டி மதலேனா அடுப்பங்கரையில பாத்திரத்தப் போட்டு உருட்டினா.

மாப்பிள்ளையக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்தான்.

"ஏம்பா, உனக்கு ஒடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

இல்லைன்னு தலைய ஆட்டினான்.

"இத வாயத் தொறந்து நாலு பேருகிட்ட சொல்லேன்! உம்மேல பழி போடறாங்க, ரோசமே வரலியா?"

சிரிச்சான். கல்லுப் புள்ளையாராட்டம் உக்காந்துக்கிட்டு சிரிக்கறான்! அண்ணன் ஒரு பக்கம் பேசியே கொன்னாரு, இவன் ஒரு பக்கம் பேசாமக் கொன்னான். நான் யாரப் போயி முட்டறது?

கடைசியில அண்ணன், மாப்பிள்ளை, நான் மூணு பேரும் தருமபுரிக்கு பஸ் ஏறினோம்.

டாக்டர் ஜானகியம்மாள் மாப்பிள்ளையப் படுக்க வச்சு, கையிலயும் காலுலயும் நெஞ்சுலயும் ஒயரை மாட்டினாங்க. "மெதுவா மூச்சு இழுங்க... விடுங்க... இழுங்க"ன்னு சொல்லிக்கிட்டே ஈ.சி.ஜி. எடுத்தாங்க.

"நாடி சீரா இல்லைன்னு சொன்னது நெஜந்தான்," அந்தம்மா காகிதத்தக் காட்டினாங்க.

"பயப்படாதீங்க. மூச்சு இழுக்கறப்ப வேகமா அடிக்குது, விடறப்ப மெதுவா அடிக்குது. நல்ல இதயம்னா அப்படித்தான் கூடிக் கொறையணும். இவருக்கு ஒரு கொறையும் இல்ல."

அண்ணன் விடுவாரா? "அதெப்படிம்மா, சீரா இல்லாததப் போயி நல்லதுங்கறீங்க? என்னுத எடுத்துப் பாருங்க, கடியாரம் தோத்துடும்!"

எடுத்தாங்க. அந்தம்மா காகிதத்தையே பாத்துக்கிட்டிருந்தாங்க.

"உங்களுக்கு சக்கரை இருக்குதுங்களா?"

"அது இருக்குதும்மா, ரொம்ப வருசமா."

"நீங்க சொன்ன மாதிரி கடியாரமாத்தான் அடிக்குது. எனக்கு அதாங்க கவலை. மூச்சு இழுத்தாலும் விட்டாலும் அசையவே மாட்டேங்குது. இதயத்துக்குப் போற நரம்பை சக்கரை கெடுத்திருக்கு. இந்த மாதிரி இருந்தா மாரடைப்பு வர வாய்ப்பு அதிகம். வந்தாலும் வலி தெரியாது. மாத்திரை எழுதித் தரேன், விடாம சாப்பிடுங்க. வூட்டுல மறைக்காம சொல்லிடுங்க."

அண்ணன் தன் கைய இன்னொரு கையால புடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாரு.

பஸ்ல எங்காதுகிட்ட வந்து கெஞ்சினாரு. "டேய் சவுரியப்பா, உங்க அண்ணிகிட்ட நானே சொல்லிக்கறேன். ஊருக்கு மட்டும் தெரிய வேணாம்டா. எம் பையனுக்குப் பொண்ணு கேக்கப் போறோம். அப்பனுக்கு நெஞ்சுல கோளாறுன்னா எவன்டா பொண்ணு குடுப்பான்?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. நோயை மறைக்கறது பாவம்னு கோயில்ல நின்னு சொன்ன வாயா இது? எம் பொண்ணுக்கு ஒரு ஞாயம், இவரு பையனுக்கு ஒரு ஞாயமா? ஊர் எறங்கட்டும், அத்தனை பேரு முன்னாடியும் மானத்த வாங்கறேன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டு வந்தான். அவனுக்கு எதுவும் காதுல விழுந்த மாதிரியே இல்ல.

எங்க ஊர் பொம்மிடியில எறங்கினோம். கோயில்ல ஓலை கேட்ட சனம் பாதி பேரு டீக்கடையிலதான் நின்னுது. டீக்கடை முனியப்பன் கண்ணு நேரா அண்ணன் கையில இருந்த மாத்திரைக் கவர் மேல போச்சு.

"என்னங்க, மாத்திரையும் கையுமா வரீங்க? யாருக்கு?"

சொல்லிடணும்னு நான் வாயத் தொறந்தேன்.

அதுக்குள்ள மாப்பிள்ளை அந்தக் கவரை வாங்கித் தன் சட்டைப் பையில போட்டுக்கிட்டான். இத்தனை நாளா தொறக்காத வாயத் தொறந்தான்.

"எனக்குத்தாங்க. பெரிய மாமா நாடி புடிச்சுச் சொன்னது சரிதானாம். மாத்திரை சாப்ட்டா போதும், கல்யாணத்துக்கு ஒண்ணும் தடையில்லைன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."