வாசலில் ஒரு நாற்காலி

"எதிர்வீட்டு அக்காவுக்கு வேற வேலையே கிடையாதா? இன்னிக்கும் கதவை ஆன்னு திறந்து வச்சு, அதுல நாற்காலியைச் சாத்திப் போட்டு உக்காந்தாச்சு!"

ஈரத்துணிகளைக் கூடத்துக் கொடியில் உதறிப் போட்டபடியே பொருமினாள் அவள்.

"உக்காந்தா உக்காந்துட்டுப் போகட்டுமே. அவங்க வீட்டு வாசல்தானே?" என்றான் கணவன், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

"வாசல் அவங்களுது. பார்வை எங்க போகுது? நம்ம கம்பிக் கதவு வழியா நேரா வீட்டுக்குள்ள! நான் பாத்திரம் கழுவறதுலேர்ந்து பாப்பாவுக்கு மூக்கு சிந்தி விடறது வரைக்கும் எல்லாம் பதிவாகுது. சிசிடிவி தோத்துச்சு!"

"முன்னாடி சாத்தித்தானே வச்சிருந்தாங்க?"

"ஆமா. நம்ம மெஷின் வந்து இறங்கின வாரத்துலேர்ந்துதான் இந்தக் கூத்து. புதுசா என்ன வாங்கியிருக்கோம்னு பார்க்க வேண்டாமா? இதுல இந்தப் புழுக்கத்துக்குச் சால்வை வேற. பெரிய மகாராணி!"

மெஷின் என்று அவள் சொன்னது, வீட்டுக்குள் காற்றைச் சுத்தம் செய்கிற இயந்திரம். இரண்டு பேர் மூச்சு வாங்கத் தூக்கி வந்து வைத்தது.

வருஷத்தில் பாதி நாள் நசநசவென்று ஈரம் பிடிக்கிற ஊர் அது. சுவரெல்லாம் கரும்புள்ளி. அலமாரியைத் திறந்தால் பூஞ்சை வாடை. குடிவந்த நாளிலிருந்து குழந்தைக்கு ஓயாத இருமல்.

மெஷின் வந்தது. இருமல் போயே போச்சு. கும்பிடாத குறையாக அதைத் தினமும் துடைத்து வைத்தாள்.

அன்று சாயங்காலமே குடியிருப்பு செக்ரட்டரியிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அவர் எதிர்வீட்டு வாசலில் நின்று தலையைச் சொறிந்தார்.

"அது வந்தும்மா... எதிர்வீட்ல கொஞ்சம் சங்கடப்படறாங்க. இந்தக் கதவை..."

அக்கா ஒரு நிமிஷம் இவள் பக்கம் பார்த்தார்.

"அப்படியா? எனக்குத் தோணவே இல்ல பாருங்க."

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். டமாலென்று அறைந்துகொண்டது கதவு.

"பார்த்தீங்களா, என்ன கோபம்!" என்றாள் கணவனிடம். ஆனாலும் மனசுக்குள் ஒரு நிம்மதி.

நிம்மதி அந்த வாரம்கூடத் தாங்கவில்லை. கொடியில் போட்ட துணி காயாமல் போட்டபடி கிடந்தது. அலமாரி வாடை திரும்பி வந்தது. பின்னாலேயே குழந்தையின் லொக்கு லொக்கும் வந்தது.

"மெஷின்லதான் ஏதோ கோளாறு. பிரிச்சுப் பாருங்க."

கணவன் பின்பக்க மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த ஃபில்டரை இழுத்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கம்பெனியில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் கவருக்குள்ளேயே, ஒட்டின டேப்கூடப் பிரியாமல், புது மாப்பிள்ளை மாதிரி மினுமினுத்தது ஃபில்டர்.

"கவரைப் பிரிக்காமலா மாட்டினீங்க?"

"நீதானே, 'புதுசு, அழுக்காயிடும், கவரோடவே இருக்கட்டும்'னே? டிவி ரிமோட்டுக்கே நீ இன்னும் கவரைக் கழட்டல!"

"அப்ப இத்தனை நாளா இது என்னதான் பண்ணுச்சு?"

"பச்சை லைட் எரிஞ்சுது."

இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து ஓய்ந்ததும் அவளுக்குச் சட்டென்று உறைத்தது.

"அப்ப பாப்பாவோட இருமலை நிறுத்தினது யாருங்க?"

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. குப்பைக் கூடையை வெளியே வைக்க வந்தார் அக்கா. அவர் முதுகுக்குப் பின்னால் பெரிய ஜன்னல். அதிலிருந்து சிலுசிலுவென்று கிளம்பிய காற்று, நடையைத் தாண்டி இவள் வீட்டுக் கம்பிக் கதவுக்குள் புகுந்து, கொடித் துணியையெல்லாம் ஆட்டிவிட்டு, அடுக்களை ஜன்னல் வழியே வெளியேறியது.

"ஐயோ, இதோ சாத்திடறேம்மா!" அக்கா பதறினார்.

"சாத்தாதீங்கக்கா!" ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டாள் அவள். "நீங்க... பாப்பாவுக்காகவா திறந்து வச்சீங்க?"

"பின்ன? ராவும் பகலும் இருமுச்சே, கேட்டுக்கிட்டு எப்படிச் சும்மா இருக்கறது? காத்து முழுக்க என் ஜன்னல்லதான் வந்து அடிக்குது. என் கதவும் திறந்திருந்தாத்தானே உன் வீட்டுக்குள்ள வரும்?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"குடிவந்த பொண்ணுகிட்டப் போய், உன் வீடு வாடை அடிக்குதுன்னு எப்படிம்மா சொல்றது?"

அவள் கதவை இன்னும் அகலமாகத் திறந்தாள்.

"திறந்தே இருக்கட்டும்க்கா. ஆனா நீங்க எதுக்குச் சால்வையைப் போத்திக்கிட்டு இந்தக் காத்துல உக்காரணும்? உள்ள போய் இருங்களேன்."

"எங்க! கையை எடுத்தா டமால்னு அறையுது. பாப்பாவுக்குத் தூக்கத்துல தூக்கிவாரிப் போட்டுடுமே! வெறும் நாற்காலியை வச்சா காத்து தள்ளிடுது. அதான், வெயிட்டுக்கு நான்!" இடுப்பைத் தட்டிக்கொண்டு சிரித்தார் அக்கா.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, அந்த மெஷினைக் கொஞ்சம் இப்படித் தூக்கிட்டு வாங்க."

"எதுக்கு?"

"அக்கா வீட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுக்க. இன்னிக்காவது அது காத்தைச் சுத்தம் பண்ணட்டும்!"